பிரிக்காமல் பார்

“சர்வீஸுக்கு விட்டு எடுத்ததிலிருந்துதான் இந்தச் சத்தம் வருது” என்று ஒருவராவது வந்து நிற்காத ஒர்க்‌ஷாப் நம் ஊரில் இருக்காது. “முன்னாடியே இருந்திருக்கும் சார், இப்பதான் உங்க காதுல விழுது” என்பது அங்கே தயாராக இருக்கும் பதில். சில சமயம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் புகார் சொல்பவர் பக்கமும் நியாயம் உண்டு என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே போர் விமானங்களை வைத்துக் கணக்கெடுத்துப் பார்த்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடல்மேல் பறந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு, தன் பி-24 லிபரேட்டர் விமானங்களை 50 மணி நேரம் பறந்ததும் இறக்கி முழுச் சோதனை செய்துவந்தது. அங்கே வேலை பார்த்த அறிவியலாளர் குழு ஒன்று, எதிர்பாராமல் வந்த பழுதுகள் ஒவ்வொன்றும் கடைசிச் சோதனை முடிந்து எத்தனையாவது மணி நேரத்தில் வந்தது என்று வரிசைப்படுத்தியது. சோதனை முடிந்த கையோடு பழுது குறைவாக இருக்கும், போகப் போகக் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கணக்கு நேர்மாறாக வந்தது. சோதனை முடிந்து வெளியே வந்ததும்தான் பழுதுகள் அதிகம். பறக்கப் பறக்கக் குறைந்தன. அடுத்த சோதனை முடிந்ததும் மறுபடி ஏறின. அந்தக் குழுவில் இருந்த உயிரியலாளர் சி. எச். வாடிங்டன் இதையெல்லாம் விவரித்து எழுதிய நூல் 1973-இல்தான் வெளியானது.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்துப் பூட்டினால், ஏதோ ஒரு நட்டு அரைச் சுற்றுக் குறைவாக முறுக்கப்பட்டிருக்கும். வாஷர் ஒன்று மடங்கியிருக்கும், வயர் ஒன்று இழுபட்டிருக்கும். உழைத்துப் பழகிய பாகத்தை எடுத்துவிட்டுப் போட்ட புதுப் பாகம் தயாரிப்பிலேயே குறையோடு வந்திருக்கும். 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஸ்டான்லி நோலன், ஹோவர்ட் ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். பயணிகள் விமானத்தின் பாகங்கள் எந்த வயதில் பழுதாகின்றன என்று அதில் ஆராய்ந்திருந்தார்கள். நூற்றுக்கு 11 பாகங்கள்தான் வயது ஏற ஏறக் கெட்டுப்போகும் இயல்பைக் காட்டின. மீதி 89-க்கு, “இத்தனை மணி நேரம் ஆகிவிட்டது, கழற்றி மாற்று” என்று விதி வைப்பதால் லாபம் இல்லை. அவற்றிலும் 68 பாகங்கள் பொருத்திய புதிதில்தான் அதிகம் பழுதாகின. காலக்கெடு வைத்து எல்லாவற்றையும் கழற்றும் பழக்கத்தை விமானத் துறை அதற்கு முன்பே குறைக்கத் தொடங்கியிருந்தது. அந்த அறிக்கை அதற்கு ஒரு முறையான அடித்தளம் போட்டுக் கொடுத்தது.

நம் வீடுகளில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. “ஓடுற வண்டியில கை வைக்காதே” என்பது ஒன்று, “வருமுன் காப்போம்” என்பது இன்னொன்று. ஒரே ஆள் வண்டிக்கு முதல் கட்சியிலும் உடம்புக்கு இரண்டாவது கட்சியிலும் இருப்பதுண்டு. இரண்டு கட்சியுமே கவனிக்காத ஒன்று இருக்கிறது. பார்ப்பது ஒரு வேலை, பிரிப்பது வேறு வேலை. பார்ப்பதற்குச் செலவு சொற்பம், கெடுதலும் அநேகமாக இல்லை. ஆகவே அடிக்கடி செய்யலாம். பிரிப்பதற்குப் பணம் ஆகும், புதுப் பழுது வரவும் வாய்ப்புண்டு. ஆகவே காரணம் இருந்தால் மட்டும் செய்ய வேண்டும். நடைமுறையில் நாம் செய்வது தலைகீழ். மூன்று மாதம் டயரைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. பிறகு ஒருநாள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, “எல்லாத்தையும் பார்த்து மாத்திடுங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

விமானக் கணக்கை டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்குப் பொருத்தலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த 11 பாகங்கள் எவை என்று பார்த்தால் விடை கிடைக்கும். உரசுவது, தேய்வது, காய்வது, ஊறுவது ஆகிய நான்கில் ஒன்றுக்கு ஆளாகும் எளிய பொருள்கள் வயதோடு கெடும். இது விமானத்துக்கும் பொருந்தும், மொபெட்டுக்கும் பொருந்தும். டயர், பிரேக் கட்டை, செயின், என்ஜின் ஆயில், ரப்பர் குழாய் எல்லாம் இந்த வகை. இரு சக்கர வண்டியில் இந்த வகைப் பொருள்களின் பங்கு விமானத்தைவிட அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் வண்டி வாங்கும்போது கொடுக்கும் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் பார்க்கச் சொல்வது. கிலோமீட்டர் வாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே “மாற்று”, “சுத்தம் செய்”, “பார்” என்பதற்குத் தனித்தனி எழுத்துக் குறி கொடுத்திருப்பார்கள். நிறையக் கட்டங்களில் இருப்பது “பார்” என்பதன் குறிதான். வண்டியைச் செய்தவரே “பார்” என்று எழுதிய இடத்தில் “மாற்று” என்று பில் போடப்பட்டால், ஏன் என்று கேட்பது வண்டிக்காரரின் உரிமை. வாரண்டி போய்விடுமே என்ற பயமும் இங்கே தேவையில்லை. வாரண்டிக்கு வேண்டியது கையேட்டில் சொன்ன சர்வீஸ்தான். கவுன்டரில் சேர்த்துவிடும் என்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், கோட்டிங் போன்றவை அட்டவணையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

என்ஜின் ஆயிலைப் பார்ப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் இதில் ஏமாற்றமும் அதிகம். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். பல வண்டிகளில் இந்த இரண்டாவது முறை குச்சியைத் திருகி முறுக்கக் கூடாது, சும்மா வைத்து எடுத்தால் போதும். கையேடு இதைச் சொல்லும். இனி நிறம். “பாருங்க சார், தார் மாதிரி ஆயிடுச்சு” என்று விரலில் தொட்டுக் காட்டினால் பயந்துவிட வேண்டியதில்லை. ஆயிலில் கலந்திருக்கும் சலவைப் பொருள் கரியைத் தன்னோடு மிதக்க வைத்திருப்பதால்தான் அது கறுக்கிறது; டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டியது பால் காபி நிறத்துக்கு. அது தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். அதைவிட முக்கியம் மட்டம். கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கிய ஆயில், எவ்வளவு பொன்னிறமாக இருந்தாலும் என்ஜினைக் காப்பாற்றாது.

பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் உள்ளுக்குள்ளேயே மூப்படையும் சில பொருள்களும் உண்டு. அவற்றைத் தேதி பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இங்கே “ஓடுதே” என்ற வாதம் செல்லாது. டிஸ்க் பிரேக்கில் இருக்கும் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான அளவுகோல் 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து வரும்போது அது கொதித்துக் குமிழி கட்டினால் லீவர் தொளதொளவென்று போய்விடும். சமவெளியில் ஓட்டும்வரை இதற்கு ஓர் அறிகுறியும் தெரியாது. ஆகவே பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று கையேடு சொல்வதை அப்படியே பின்பற்றுவது நல்லது. அந்த பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவின் கண்ணாடி ஜன்னலில் தெரியும் மட்டம் மட்டும் பார்ப்பதற்கானது. பிரேக் பேட் தேயத் தேய அந்த மட்டம் இறங்கும். மட்டம் குறைந்துவிட்டதென்று மேலே ஊற்றி நிரப்புபவர், வண்டி கொடுத்த தகவலை அழித்துவிடுகிறார். சமையல் எரிவாயுவின் ஆரஞ்சு நிறக் குழாய்க்கு ஐந்து வருடம் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். வெடிப்பு தெரியாவிட்டாலும் தேதி முடிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

சரி, பார்ப்பது என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? தினமும் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், வருடத்துக்கு ஒருமுறை என்றால் பயனில்லை. பராமரிப்புப் பொறியியலில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. முதல் அறிகுறி தெரிவதற்கும் கை மீறிப் போவதற்கும் நடுவே எவ்வளவு அவகாசம் என்று பார், அந்த அவகாசத்துக்குள் ஒருமுறையாவது உன் கண் அங்கே படட்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை எடுத்துக்கொள்வோம். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். மொட்டைமாடித் தொட்டி மூடி, சம்ப் மூடி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, யாரும் பயன்படுத்தாத கழிப்பறை ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்வது அதனால்தான். மாதம் ஒருமுறை பார்ப்பவர் கொசுவுக்குத் தாராளமாக அவகாசம் கொடுக்கிறார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில். பாத்திரம் காய்ந்து போனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். பிளாஸ்டிக் டிரம்மின் உள்விளிம்பில், நீர்மட்டக் கறையை ஒட்டினாற்போல் மிளகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

டயருக்கு அவகாசம் கொஞ்சம் அதிகம். ஆணி குத்தாத நல்ல டயரே மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ காற்றைத் தானாக இழக்கும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் உடனே தெரியாது, நாள்கணக்கில் மெல்ல இறங்கும். எனவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காற்றழுத்தம் பார்ப்பது போதும். எவ்வளவு என்பதை வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலிருந்து எடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அந்த அளவுக்கு நிரப்பினால் வண்டி குதிக்கும், பிடிமானம் குறையும். நைட்ரஜன் போட்டால் பார்க்கவே வேண்டாம் என்று சொல்வதை நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆணிக்கு இரண்டும் ஒன்று.

வீட்டில் “பிரிக்காமல் பார்” என்பதன் அருமை கசிவு விஷயத்தில் தெரியும். சுவரில் ஈரம் தெரிந்தால் நம் முதல் வேலை டைல்ஸை உடைப்பது, அல்லது அதன்மேலேயே பெயின்ட் அடிப்பது. இரண்டுமே நோய் தெரியாமல் செய்யும் வைத்தியம். இரவு எல்லாக் குழாயையும் அடைத்து, மோட்டார் போடாமல், தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் முதல் குழாயைத் திறக்குமுன் பார்த்தால், தண்ணீர்க் குழாயில் கசிவு இருக்கிறதா என்பது உடைக்காமலே தெரியும். மட்டம் இறங்கவில்லை என்றால் சந்தேகம் கழிவுநீர்க் குழாய்க்கும் கூரைக்கும் போகும். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பேசினில் நிறம் இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் சரியாக மூடவில்லை. இரவும் பகலும் சத்தமில்லாமல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மொட்டைமாடியைப் பொறுத்தவரை வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் மழைநீர் இறங்கும் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

இதுவரை சொன்னவை ஏதோ ஓர் அறிகுறி காட்டுபவை. எந்த அறிகுறியும் காட்டாமல் செத்துக் கிடக்கக்கூடியவை பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கருவிகள். அவை வேலை செய்ய வேண்டிய நாளில்தான் செத்தது தெரியும். வீட்டு மெயின் பாக்ஸில் எம்சிபி வரிசைக்குப் பக்கத்தில் சற்று அகலமாக, “டி” அல்லது “டெஸ்ட்” என்று எழுதிய சின்னப் பட்டனோடு ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதுதான் ஆர்சிசிபி, பழைய பேச்சில் ஈஎல்சிபி. எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்கானது. மனித உடம்பு வழியாகப் போகும் மின்சாரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்சிசிபி. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் “டக்” என்று நெம்புகோல் விழுந்து வீடு இருண்டுபோக வேண்டும். விழவில்லை என்றால் அது பெட்டிக்குள் அலங்காரமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். இந்தச் சோதனை கருவியைத்தான் பார்க்கிறது, வீட்டின் எர்த் நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று ஆர்சிசிபியை விட்டுவிட்டு “டைரக்ட்” கொடுக்கச் சொல்வது நம் ஊரில் சாதாரணம். அது பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரிலோ மோட்டாரிலோ உண்மையான கசிவு இருப்பதாக வரும் எச்சரிக்கை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

வாடிங்டன் கணக்கிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. பிரித்துப் பூட்டியவுடன்தான் ஆபத்து அதிகம் என்றால், பார்வையும் அப்போதுதான் அதிகம் வேண்டும். சர்வீஸ் முடிந்த வண்டியை எடுத்ததும் தெருவில் சேர்வதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்ப்பது, மறுநாள் காலை வண்டிக்குக் கீழே ஆயில் சொட்டியிருக்கிறதா என்று தரையைப் பார்ப்பது, பேட்டரி முனைகள் ஆடுகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது எல்லாம் இரண்டு நிமிட வேலை. சிலிண்டர் மாற்றுவதும் ஒரு பிரித்துப் பூட்டும் வேலைதான், அதுவும் மாதந்தோறும் சமையலறைக்குள்ளேயே நடக்கிறது. மூடியைத் திறந்ததும் வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, ரெகுலேட்டரைப் பொருத்தியபின் சோப்புத் தண்ணீர் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சியை மட்டும் அங்கே கொண்டு போகக் கூடாது. வாடை வந்தால் அடுப்பையும் ரெகுலேட்டரையும் அடைத்து, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழைக்கலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தங்கும்.

உடம்புக்கு வரும்போது இந்த வாதத்துக்கு எதிர்ப்பு அதிகம். அறுபது எழுபது பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி, பண்டிகைச் சலுகையோடு விற்கும் “மாஸ்டர் ஹெல்த் செக்கப்” வெறும் பார்ப்பதுதானே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பார்ப்பது போலத் தெரிந்தாலும் பல சமயம் அது பிரிப்பதற்கான முதல் படி. தென்கொரியாவில் 1999-இல் தொடங்கிய அரசுப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, சிறு கட்டணத்துக்குத் தைராய்டு ஸ்கேனையும் பல மருத்துவமனைகள் சேர்த்துக் கொடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கானது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே செய்திருக்காத சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் கழுத்தை அறுத்துத் தைராய்டை எடுத்து, ஆயுள் முழுவதும் மாத்திரைக்கு ஆளானார்கள். பொதுவான உடல் பரிசோதனைகளைப் பற்றி, சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்த காக்ரன் அமைப்பின் 2019 மதிப்பீடும், அவற்றால் மொத்த இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்றே சொன்னது.

அப்படியானால் உடம்பைப் பார்க்கவே வேண்டாமா? வேண்டும்; மெயின் பாக்ஸில் இருக்கும் பட்டனைப் போல, தானாக அறிகுறி காட்டாததும், கண்டுபிடித்தால் செய்வதற்கு நிச்சயமான பரிகாரம் உள்ளதுமான சிலவற்றை மட்டும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் அதில் முதலாவது. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். தலைவலியோ தலைசுற்றலோ வந்தால் தெரிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மேல் அளவை 10 புள்ளி குறைத்தால் பக்கவாதம் நாலில் ஒரு பங்குக்குமேல் குறைகிறது என்பது பல லட்சம் பேரிடம் நடந்த சோதனைகளில் தெரிந்த விஷயம். அளக்கும் விதம் முக்கியம். அரை மணி நேரத்துக்குள் காபி, சிகரெட் இருக்கக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிய, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை. மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. வெவ்வேறு நாளில் 140/90-ஐத் தொட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒருநாள் ஏறியதற்காகத் தானே மாத்திரை வாங்கிப் போடுவதும், ஒருநாள் இறங்கியதற்காக மாத்திரையை நிறுத்துவதும் ஒரே தவறு.

சர்க்கரை நோய்க்கு ஊசி குத்துவதற்கு முன்பே பார்க்கும் வழி ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005-இல் வெளியிட்டது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு இருந்ததா என்ற நான்கு விவரத்துக்கு மதிப்பெண் போட்டு, 60 அல்லது அதற்குமேல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லும் முறை அது. டெய்லர் டேப் போதும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தொட்டால் மதிப்பெண் ஏறத் தொடங்கும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு அவகாசக் கணக்கு வேறு. உணர்ச்சி குறைந்த காலில் செருப்பு கடித்த புண் சில நாளிலேயே மோசமாகலாம் என்பதால் பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும். விழித்திரை மெல்லக் கெடுவதால் வருடம் ஒருமுறை பார்த்தால் போதும். கருப்பைவாய்ப் புற்றுநோய் பல ஆண்டுகள் எடுத்து வளர்வதால் 30 வயதுக்குமேல் ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதையெல்லாம் ஒரே நாளில் ஒரே பேக்கேஜில் கட்டி வருடாவருடம் செய்வதில் மருத்துவக் காரணத்தைவிட வியாபாரக் காரணம்தான் அதிகம் தெரிகிறது. “எங்க சித்தப்பாவுக்கு செக்கப்லதான் தெரிஞ்சுது, அதனாலதான் பிழைச்சார்” என்ற பேச்சை அலட்சியம் செய்ய முடியாது. சிலர் நிச்சயமாகப் பிழைத்திருப்பார்கள். ஆனால் செக்கப்பில் தெரிந்ததால் தேவையில்லாத அறுவை சிகிச்சைக்குப் போனவரும் தான் பிழைத்ததாகவேதான் நம்புவார். தனி ஆளின் கதையை வைத்து இருவரையும் பிரித்தறிய வழியில்லை. அதற்குத்தான் லட்சக்கணக்கானவர்களை வைத்த கணக்கு தேவைப்படுகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வரும் நாளும் பிரித்துப் பூட்டிய நாள்தான். பழைய மாத்திரை டப்பாவையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வணிகப் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒப்பிட வேண்டும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து, இரண்டையும் விழுங்கும் பெரியவர்கள் உண்டு. எதை நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதைச் சாப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் வழக்கமாக எழுதியிருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது கடைசி எதிர்ப்பு. கூட்டிப் பார்த்தால் நேரம் மலைப்பாக இல்லை. தொட்டியும் தட்டும் வாரம் பத்து நிமிடம், டயரும் ஆயிலும் பதினைந்து நாளுக்குப் பத்து நிமிடம், ஆர்சிசிபி மூன்று மாதத்துக்கு அரை நிமிடம். பார்க்க வேண்டாதவற்றை விட்டுவிடுவதாலும் நேரம் மிச்சமாகும். பல்பு, ஃபேன் கெபாசிட்டர், குழாய் வாஷர் போன்றவை கெட்ட பிறகு மாற்றினால் போதும். அவை கெடுவதால் யாருக்கும் ஆபத்தில்லை, முன்கூட்டி மாற்றுவதில் லாபமும் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும் இந்த வரிசையில் சேராது; டிஸ்டில்டு வாட்டர் மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் பேட்டரி அதோடு போயிற்று, ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பாருங்கள். அதன் பக்கத்தில் விளக்கு ஏற்றாதீர்கள்.

நேரமின்மையைவிட நிஜமான தடை, தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் குனிவதும் ஏறுவதும் முடியாது என்பதுதான். உடம்பைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். சிலிண்டர் கொண்டு வருபவர் கசிவும் எடையும் பார்த்துக் கொடுக்க வேண்டியவர்; தயங்காமல் கேட்கலாம். மெயின் பாக்ஸ் உயரத்தில் இருந்தால் பட்டனை அழுத்துவதற்காக ஸ்டூலில் ஏறவே கூடாது. அந்த வயதில் ஸ்டூலிலிருந்து விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். பக்கத்து வீட்டுப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டால் பட்டனையும் அழுத்திவிட்டு, அப்படியே மொட்டைமாடித் தொட்டியின் மூடியையும் பார்த்துவிட்டு வருவார்கள்.